முதல் மூன்று நொடி

அந்த மீன் என் ராடில் நின்றது மூன்று நொடிதான். ஆஸ்திரேலியாவில் ஷோல்ஹேவன் ஆற்றில், பாதி மூழ்கிக் கிடந்த ஒரு சவுக்கு மரத்துக்குப் பக்கத்தில் லூரை, அதாவது பொய் இரையை, போட்டிருந்தேன். விரலில் 'டிக்' என்று ஒரு தட்டு, நகத்தால் சுண்டினாற்போல. ராடைத் தூக்கினேன். அடுத்த கணம் ராடின் நுனி தண்ணீருக்குள் போய்விட்டது. ரீல் ஒரே ஒரு முறை கிறீச்சிட்டது. அப்புறம் எல்லாம் தளர்ந்துவிட்டது. லைனைச் சுற்றி எடுத்துப் பார்த்தால், அதன் முனையில் கட்டியிருந்த லீடர் நரம்பின் கடைசி ஒரு சாண் நீளம் அரத்தில் தேய்த்ததுபோலப் பிசிறிக் கிடந்தது. மீன் மரத்துக்கு அடியில் புகுந்து உரசியே அறுத்திருக்கிறது.

பக்கத்துக் கயாக்கில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணை, "எவ்வளவு நேரம் நிண்டது தம்பி?" என்று கேட்டார்.

"மூணு செகண்டு இருக்கும் அண்ணை."

"அப்ப அவன் வெண்டிட்டான். அந்த மூண்டு செக்கனைத் தாண்டியிருந்தா நீர் வெண்டிருப்பீர்."

இது ஆறு வருடத்துக்கு முன்னால் நடந்தது. சிட்னியிலிருந்து தெற்கே 160 கிலோமீட்டரில் நௌரா. அங்கே ஷோல்ஹேவன் ஆறு அகலமாக, மெதுவாக, கடல் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும். 1881இல் திறந்த பழைய இரும்புப் பாலம் இன்னும் அங்கே நிற்கிறது. பாலத்துக்கு மேலே ஆற்றோடு போகப் போக மணற்பாறைச் செங்குத்துகள், சரிந்து விழுந்த மரங்கள், கரையோரம் முழுக்கச் சவுக்கு. இந்த மாதிரித் தண்ணீரில்தான் எஸ்சுவரி பெர்ச் இருக்கும். இங்கே தூண்டில் போடுகிறவர்கள் சுருக்கமாக 'ஈ.பி.' என்பார்கள். ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரையோரக் கழிமுகங்களையும் டாஸ்மேனியாவின் வடபகுதியில் ஓரிரு ஆறுகளையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது.

வெள்ளி உடம்பு, முதுகு மட்டும் கருத்த சாம்பல். கண் பெரியது. நெற்றிதான் அடையாளம்: மூக்கிலிருந்து முதுகுக்கு ஏறும் இடத்தில் உள்வாங்கிக் குழிந்திருக்கும். முதல் மீனின் படத்தைப் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பினேன். "கொடுவாக் குஞ்சு மாதிரி இருக்கே, எங்கே பிடிச்சே?" என்று உடனே போன் வந்தது. உறவு முறையில் கொடுவாவுக்கும் இதற்கும் நெருக்கம் இல்லை, ஆனால் அம்மா சொன்னது சரி. அந்தக் குழிந்த நெற்றியும், வளைந்த முதுகும், மரத்தடியில் ஒளிந்திருந்து பாயும் குணமும் அப்படியே கொடுவாதான். இதன் நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலியன் பாஸ். இரண்டும் ஒரே ஆற்றில் கலந்து கிடக்கும். பாஸின் நெற்றி நேராக இருக்கும். பழகாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இவ்வளவு பலமாக இழுக்கிற மீனை ஏன் கனமான ராடு, தடித்த லைன் வைத்துப் பிடிக்கக்கூடாது என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மரத்தடி மீனுக்கு 20 பவுண்டு வரை தாங்கும் லைன் போட்டால் அறுப்பது கஷ்டம், சரி. ஆனால் கடிக்கவும் கடிக்காது. ஈ.பி. சந்தேகம் பிடித்த மீன். இறாலையும் சின்ன மீனையும் தின்கிற அது, தன் முன்னால் விழுகிற பொருள் இறால் மாதிரியே, தானாக, மெதுவாக இறங்கினால்தான் வாயைத் திறக்கும். மூன்றரை கிராம் ஜிக்ஹெட்டில் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) இரண்டரை அங்குல ரப்பர் லூரைக் கோத்து அப்படி இறக்க வேண்டுமானால் மெல்லிய லைன்தான் வேண்டும். தடித்த லைன் தண்ணீரில் படகுப் பாய்போல விரிந்து, ஓட்டம் இழுக்கிற பக்கமெல்லாம் லூரையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த நகச் சுண்டலும் கைக்கு வந்து சேராது.

என் சாமான் இதுதான்: ஏழடி நீளம், ஒன்று முதல் மூன்று கிலோ லைனுக்கான ராடு. 2000 அளவு ரீல். 6 பவுண்டு பிரெய்டு (பின்னல் லைன்), அதன் முனையில் ஒன்றரை ஆள் நீளத்துக்கு 8 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். லீடரை லைனைவிடக் கொஞ்சம் பலமாகப் போடுவது மரத்தில் உரசுவதற்காக. பிரெய்டு அனேகமாக நீளாது. அதனால் கடி நன்றாகத் தெரியும், ஆனால் மீன் தலையை உதறும் ஒவ்வொரு உதறலும் நேராக முடிச்சில் போய் விழும். அந்த உதறலைத் தாங்குவது ராடின் வளைவும் ரீலின் டிராக்கும் (மீன் இழுக்கும்போது லைனை வழுக்க விடும் பிடி) மட்டுமே.

டிராக்கில்தான் நான் ஒரு வருடம் முழுக்கத் தப்புச் செய்தேன். முதல் மீன் மரத்துக்குள் போனதால், அடுத்த முறை டிராக்கைக் கையால் இழுத்தாலும் நகராத அளவுக்கு இறுக்கி வைத்தேன். விளைவு என்ன? ஒரு மீன் ஜிக்ஹெட் முள்ளை நேராக நிமிர்த்திவிட்டுப் போனது. அந்த முள்ளை இன்னும் வைத்திருக்கிறேன், குண்டூசி மாதிரி இருக்கும். இன்னொரு மீனில் முடிச்சு அவிழ்ந்தது. மூன்றாவது முறை ராடின் நுனியே உடைந்தது, அதற்குக் காரணம் டிராக் மட்டும் இல்லை. கயாக்குக்குப் பக்கத்தில் வந்த மீனைத் தூக்கிப் பார்க்கும் ஆசையில் ராடை என் தலைக்குப் பின்னால் வரை சாய்த்துவிட்டேன். அப்படிச் சாய்த்தால் சுமை முழுவதும் அடித்தண்டை விட்டுவிட்டு, பென்சில் முனையளவு இருக்கும் நுனிக்குப் போய்விடும். மீன் ஒருமுறை கீழே குத்தியதும் 'டப்' என்று போய்விட்டது.

பிறகு அண்ணை ஒரு நாள் தண்ணீர் போத்தலை எடுத்துக் காட்டினார். ஒரு லிட்டர் போத்தலில் முக்கால் அளவு தண்ணீர். அதன் கழுத்தில் லைனைக் கட்டி, ராடில் மீன் பிடித்திருப்பதுபோல வளைவு கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். போத்தல் தரையை விட்டு எழும்ப வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் டிராக் வழுக்கி லைன் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான். 6 பவுண்டு என்பது 2.7 கிலோ, முக்கால் கிலோ அதில் கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம். லைனை ரீலிலிருந்து நேராகக் கையால் இழுத்துப் பார்த்து டிராக் வைப்பது ஏமாற்றும். ராடு வளைந்திருக்கும்போது வளையங்களில் லைன் உரசுகிற உரசலும் சேர்ந்துகொள்ளும். அதனால் ராடின் நுனி வழியாக வரும் லைனில்தான் அளக்க வேண்டும். இன்றைக்கும் ஆற்றுக்குப் போகும் காலையில், கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் இதைத்தான் செய்கிறேன்.

முக்கால் கிலோ இழுவை அந்த மரத்தடி மீனை நிறுத்துமா என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தாதுதான். மீதி கையில் இருக்கிறது.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் சித்தப்பாவோடு கைத்தூண்டில் போட்டிருக்கிறேன். ராடும் கிடையாது, ரீலும் கிடையாது. கட்டையில் சுற்றிய நரம்பு, ஒரு ஈயக்குண்டு, முள்ளில் உயிர் இறால். எப்போதாவது கொடுவா பிடித்தால் நரம்பு ஆட்காட்டி விரலை அறுத்துக்கொண்டு ஓடும். சித்தப்பா, "இறுக்காதே, விரல்ல ஓட விடு. பாலத்துக் கால் பக்கம் திரும்பினா மட்டும் பிடி" என்பார். ஓட விடுவதும் பிடிப்பதும் எல்லாம் விரலுக்குள்ளேயே நடக்கும். ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து ராடும் ரீலும் வாங்கிய பிறகு இதை அடியோடு மறந்திருந்தேன். ரீலில் லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலின் விளிம்பில் இடது கையின் விரலை வைத்து அழுத்தினால் முக்கால் கிலோ ஒன்றரை கிலோ ஆகிறது. எடுத்துவிட்டால் மறுபடி முக்கால் கிலோ. டிராக்கின் திருகாணியைத் திருகிக்கொண்டிருக்க அந்த மூன்று நொடியில் நேரம் கிடையாது, விரலுக்கு நேரம் இருக்கிறது.

அந்த மூன்று நொடியில் தண்ணீருக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் கை தானாகச் சரியானதைச் செய்யும். ஈ.பி. நீண்ட தூரம் ஓடுகிற மீன் இல்லை. கடல் மீன்போல ஐம்பது மீட்டர் லைனை உருவிக்கொண்டு போகாது. அதன் உடம்பு உயரமானது, வால் அகலமானது, ஒரே வீச்சில் பாய்ந்து இரையைப் பிடித்துத் திரும்ப மறைவுக்குள் போவதற்காக அமைந்தது. அந்தப் பாய்ச்சலுக்கு உதவுவது வெள்ளைத் தசை. பிராணவாயுவுக்குக் காத்திராமல் ஒரேயடியாகப் பலத்தைக் கொட்டும், சீக்கிரம் ஓயும். ஆகவே முதல் பாய்ச்சல்தான் அதன் மொத்தச் சேமிப்பு. மரம் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால் அதற்கு அந்த இரண்டு மீட்டர் போதும்.

மீன் தலை போகிற பக்கம்தான் உடம்பு போகும். ராடை நேரே மேலே தூக்கினால் அதன் தலையை நாம் மேலேதான் தூக்குகிறோம், அது முன்னோக்கி நீந்துவதைத் தடுக்கவில்லை. ராடைத் தண்ணீருக்கு இணையாகத் தாழ்த்தி, மரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்தால் தலை பக்கவாட்டில் திரும்பும். திரும்பிய மீன் தன் பலத்தையே நம் பக்கம் செலவழிக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் கடி விழுந்ததும் எல்லாரும் ராடை வானத்துக்குத்தான் தூக்குகிறார்கள். அண்ணை எனக்காகத் தொண்டை கட்டும் வரை கத்தியிருக்கிறார்: "தூக்காதையும் தம்பி, பக்கமாச் சரிச்சுப் பிடியும்!"

இன்னொன்று, லூரைப் போடுவதற்கு முன்பே முடிவாகிவிடுவது. நாம் எங்கே நிற்கிறோம்? மரத்தின் கிளைகள் நமக்கும் மீனுக்கும் நடுவில் இருந்தால் எந்த டிராக்கும் உதவாது, கிளைகளின் மேலேயே இழுத்தாக வேண்டும். மரம் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் நுனிப்பக்கம் திறந்த தண்ணீரில் நிற்பதுதான் நல்லது. கயாக்கில் கூடுதலாக ஒரு சிக்கல்: ஒரு கிலோ மீன்கூட முதல் பாய்ச்சலில் கயாக்கின் மூக்கைத் தன் பக்கம் திருப்பி, மரத்தை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். மீனை நாம் இழுப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், நாம்தான் அதன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்போம். அதனால் காற்றோ நீரோட்டமோ என்னை மரத்தை விட்டு விலக்கித் தள்ளும் பக்கமாகப் பார்த்து நிற்கிறேன். நீரோட்டம் மரத்தை நோக்கி ஓடுகிற நேரத்தில் அந்த இடத்தைத் தொடுவதே இல்லை, ஏற்றவற்றம் திரும்பும் வரை காத்திருப்பேன்.

இவை எல்லாம் ஒன்றுசேர்ந்து கைகூடிய நாள் ஒரு பிப்ரவரி மாலை. வெயில் பாறைச் செங்குத்தின் மேல்பாதிக்கு ஏறிவிட்டது, தண்ணீர் முழுக்க நிழல். வற்றம் தொடங்கி அரை மணி நேரம் இருக்கும். லூர் விழுந்தது. இறங்கட்டும் என்று லைனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கிக்கொண்டிருந்த லைன் நடுவழியில் நின்றுவிட்டது. தட்டு எதுவும் வரவில்லை. லூர் தரையைத் தொட இன்னும் இரண்டு மீட்டர் இருக்கும்போது லைன் ஏன் நிற்க வேண்டும்? ராடைப் பக்கமாக வீசினேன்.

கனம். முதலில் கனம் மட்டும்தான், ஈரச் சாக்கு மாட்டினாற்போல. பிறகு அது என்னைத் தெரிந்துகொண்டது. ராடு அடிப்பிடி வரை வளைந்தது. நான் ராடை இடப்பக்கம் தாழ்த்தி, விரலை ஸ்பூலில் வைத்தேன். ஒன்று. பிரெய்டு தண்ணீரை அறுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு. விரல் சுட்டது, கொஞ்சம் விட்டேன், ஓர் அடி போயிற்று. மூன்று. லைன் நேர்க்கோட்டிலிருந்து மெல்ல, மிக மெல்ல என் பக்கம் சாய ஆரம்பித்தது. தலை திரும்பிவிட்டது. விரலை எடுத்தேன்.

அதற்குப் பிறகும் அது சும்மா வரவில்லை. திறந்த தண்ணீரில் நான்கைந்து முறை ஆழத்துக்குக் குத்தியது, ஒவ்வொரு குத்திலும் ரீல் இரண்டு மூன்று மீட்டர் கொடுத்தது. தலை உதறலை ராடின் பிடியிலேயே எண்ண முடியும்: டொக், டொக், டொக். இந்த இடத்தில் டிராக்கைக் கூட்டத் தோன்றும், கூட்டவே கூடாது. கயாக்கின் பக்கம் வந்து நம் நிழலைப் பார்த்ததும் ஈ.பி. கடைசியாக ஒரு பாய்ச்சல் வைத்திருக்கும். கயாக்குக்கு அடியில் புகும். லைன் குட்டையாக இருப்பதால் அந்தப் பாய்ச்சலைத் தாங்க வேறு எதுவும் இல்லை. நான் ராடின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, கயாக்கின் முனையைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோனேன். பிறகு நெட்டை, அதாவது கைவலையை, தண்ணீரில் அமிழ்த்தி வைத்து, மீனை அதன் மேலே கொண்டுவந்து தூக்கினேன். மீனைத் துரத்திக்கொண்டு நெட்டோடு போனால் நெட்டில் லூர் மாட்டி மீன் போய்விடும்.

42 சென்டிமீட்டர். ஒன்றேகால் கிலோ இருக்கும். கடி விழுந்ததிலிருந்து நெட்டுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஈ.பி.யின் பலத்தைப் பற்றிப் பேசும்போது ஆஸ்திரேலியன் பாஸோடு ஒப்பிடுவது வழக்கம். இரண்டையும் இதே ராடில் பிடித்திருக்கிறேன். ஒரே அளவில் பார்த்தால் பாஸ் விடாமல் சண்டை போடும், நெட்டுக்குள் வந்த பிறகும் அடங்காது. ஈ.பி. அப்படி இல்லை. முதல் பாய்ச்சலில் பாஸுக்குக் கொஞ்சமும் குறையாது, அதைத் தாண்டிவிட்டால் சீக்கிரம் களைக்கும். இதை வைத்து ஈ.பி.யை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 40 சென்டிமீட்டரைத் தாண்டிய மீனை மரத்தடியில், 6 பவுண்டு லைனில் ஒருமுறை மாட்டிப் பார்த்தவர் அப்படிப் பேசமாட்டார்.

சீக்கிரம் களைக்கும் என்பதே அதைச் சீக்கிரம் கரை சேர்க்க வேண்டும் என்பதற்கும் காரணம். மெல்லிய லைனில் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டே இருப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தப் பாய்ச்சல்களின் விலையாக உடம்பில் லாக்டிக் அமிலம் ஏறுகிறது. கோடையில் வெதுவெதுப்பான தண்ணீரில் பிராணவாயு ஏற்கெனவே குறைவு. விட்டதும் நீந்திப் போகிற மீன் பிறகு செத்தும் போகலாம். ஈ.பி. மெதுவாக வளரும் மீன், 40 ஆண்டுகளைத் தாண்டியும் வாழக்கூடியது. கையில் இருக்கிற பெரிய மீன் பத்து வயதைத் தாண்டியதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் என் மகளைவிட மூத்ததாக இருக்கலாம் என்ற நினைப்போடு அதைத் தொட்டால் கை வேறு மாதிரி இருக்கும்.

கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், காய்ந்த கை அதன் மேல் பூச்சை உரித்துவிடும். தூண்டில் முள்ளின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி வைத்துவிட்டால் கழற்ற ஒரு நொடி போதும். ரப்பர் வலை போட்ட நெட் வாங்குங்கள், நூல் வலை துடுப்பைக் கிழிக்கும். செவுள் மூடியின் ஓரம் கத்திபோல இருக்கும், முதுகு முள்ளும் குத்தும். அதனால் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்துக் கிடையாகப் பிடிப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

நியூ சவுத் வேல்ஸில் பாஸுக்கும் ஈ.பி.க்கும் ஒரே விதிதான். மே 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஆற்றில் ஒன்றைக்கூட எடுத்துக்கொண்டு போகக்கூடாது. அது முட்டையிட முகத்துவாரப் பக்கம் கூட்டமாக இறங்கும் காலம். மற்ற மாதங்களில் இரண்டு இனமும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு, அதிலும் ஆறுகளில் 35 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றே ஒன்று. உரிமக் கட்டணம் கட்டிய ரசீது கையிலோ போனிலோ இருக்க வேண்டும். நான் அந்த நான்கு மாதமும் ஆற்றின் பக்கம் ஈ.பி.க்காகப் போவதில்லை. கூட்டமாக நிற்கிற மீன் என்பதால் ஒன்று கிடைத்த இடத்தில் வரிசையாகக் கிடைக்கும், விட்டுவிடத்தானே போகிறோம் என்று முட்டை சுமக்கிற மீனை ஒவ்வொன்றாகக் களைக்கவைப்பது சரியாகப் படவில்லை.

அந்த 42 சென்டிமீட்டர் மீனை வாலைப் பிடித்துத் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருந்தேன். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. பிறகு கையிலிருந்து ஒரே உதறல், முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு மரத்தடிப் பக்கமே போயிற்று. லீடரை உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தேன். விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியும். நான்கு விரற்கடை நீளத்துக்குச் சொரசொரப்பு இருந்தது, வெட்டி எறிந்து புதிதாக முடிச்சுப் போட்டேன். மூன்று நொடிக்குள்ளும் அது எங்கேயோ மரத்தைத் தொட்டிருக்கிறது.

அந்தச் சவுக்கு மரத்தடியில் இதுவரை ஒன்பது மீன் கடித்திருக்கிறது. நான்கு நெட்டுக்கு வந்தன. கடைசியாகப் போன ஏப்ரலில் ஒன்று. விரல், ராடு, நின்ற இடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் அது திரும்பவே இல்லை, லைனை அறுத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விட்டது. அண்ணை பார்த்துக்கொண்டிருந்தார். "அது பெரிசு தம்பி" என்று மட்டும் சொன்னார். செப்டம்பர் பிறந்ததும் இரண்டு பேரும் மறுபடி அங்கே போகிறோம்.